80 பர்சென்ட் தாண்டிட்டா சார்ஜரை விட்டுடணும்னு ரூல் இருக்கா?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்டது இது. பொங்கலுக்கு தாம்பரத்துல இருந்து மதுரைக்கு 45 யூனிட் பேட்டரி நெக்ஸான் எலெக்ட்ரிக் கார்ல குடும்பத்தோட கிளம்பிருக்கீங்க, விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை ரெண்டு இடத்துலயும் கூட்டம்னு நிக்காம வந்துட்டு பெரம்பலூர் பக்கத்துல ஒரு மோட்டல் சார்ஜருக்கு 12 பர்சென்ட்ல போய் சேர்ந்திருக்கீங்க. அங்க 60 கிலோவாட் சார்ஜர் ஒண்ணு, கன் (வண்டில சொருகற கைப்பிடி) ரெண்டு, ஒரு கன் வேலை செய்யல, இன்னொண்ணுல 50 யூனிட் பேட்டரி வண்டி ஒண்ணு 85 தாண்டி 100க்கு ஏறிட்டு இருக்கு, ஓனர் உள்ள சாப்டுட்டு இருக்கார். போய் "சார் 80 தாண்டிடுச்சே, எடுத்தா நாங்க போட்டுக்குவோம்"னு கேட்டதுக்கு "காசு கட்டிருக்கேன், ஃபுல் ஆனதும்தான் எடுப்பேன்"னு சொல்லிருக்கார், பேச்சு முத்திருச்சு. இப்ப நீங்க கேக்கறது, 80ல எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்துச்சா, அவர் வெளிய வர்றதுக்குள்ள நீங்களே கன்னைக் கழட்டிருக்கலாமா, திரும்பி வரும்போது இதே மாதிரி மாட்டாம இருக்க என்ன பண்ணணும். ஆனா இது மூணுக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்குன்னு எனக்குத் தோணுது, காசு கட்டினவருக்கு அந்த சார்ஜர் எவ்ளோ நேரம் சொந்தம்ங்கறது.

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்ளோ நம்பணும்னு உங்களுக்குத் தெரியும். எலெக்ட்ரிகல் டிப்ளமோ, யுபிஎஸ் சர்வீஸ்ல 12 வருஷம், 2019 கடைசில இருந்து டீசி ஃபாஸ்ட் சார்ஜர் நிறுவறது, கமிஷனிங் (சோதிச்சு ஓட விடறது), ரிப்பேர், எல்லாம் திருச்சியச் சுத்தின ஹைவேகள்லதான். 2021ல இருந்து சொந்தமா எலெக்ட்ரிக் கார் ஓட்டறேன். அதனால மெஷின், பேட்டரி பத்தி நான் சொல்றத உறுதியா எடுத்துக்கங்க. யார் எப்ப விட்டுக் கொடுக்கணும்ங்கறது என் அபிப்ராயம், பல பேர் மாறுபடுவாங்க, மாறுபடலாம். நான் வக்கீல் இல்ல, சட்டம்னு சொல்றது தொழில்ல எனக்குத் தெரிய வேண்டிய அளவுக்குத்தான்.

80ல வண்டிய எடுத்தே ஆகணும்னு நம்ம நாட்டுல சட்டம் கிடையாது, இது உறுதி. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பர்ல போட்ட வழிகாட்டு நெறிமுறைகள்ல ஹைவேல 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன், நகரத்துல 3க்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒண்ணுன்னு எங்க வைக்கணும், என்ன வகை வைக்கணும்னுதான் பேசினாங்க, வண்டி ஓட்டறவங்க எப்டி நடந்துக்கணும்னு பேசல. அதுக்கு அப்புறம் சில தடவ திருத்தினப்பவும் நோக்கம் ஸ்டேஷன் வைக்கறவங்கள நோக்கித்தான். ஆனா இன்னொரு விஷயம் இருக்கு, அதை யாரும் கவனிக்கறதில்ல. 2018 ஏப்ரல்ல அதே அமைச்சகம் சார்ஜிங் ஸ்டேஷன் நடத்த மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் வேணாம்னு தெளிவுபடுத்துச்சு, ஏன்னா அங்க நடக்கறது மின்சார வியாபாரம் இல்ல, பேட்டரிய சார்ஜ் பண்ணித் தர்ற ஒரு சேவைன்னு. அதனாலதான் உங்க சார்ஜிங் பில்லுல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி இருக்கும், வீட்டுல ஓடற யூனிட்டுக்கு அந்த ஜிஎஸ்டி கிடையாது. அதாவது "நான் கரண்டுக்குக் காசு கட்டிருக்கேன்"னு அந்த சார் சொன்னது கணக்குப்படியே சரி வராது, அவர் காசு கட்டினது அந்த மெஷினைப் பயன்படுத்தறதுக்கு, மெஷினைப் பயன்படுத்தறதுன்னா அதோட நேரத்தப் பயன்படுத்தறதுதான். பிரச்சனை என்னன்னா பில் மட்டும் யூனிட் கணக்குல வருது, நேரக் கணக்குல வர்றதில்ல, அதனால கண்ணுக்குத் தெரியற பொருள் யூனிட்டுதான்னு எல்லாரும் நினைச்சுக்கறோம்.

நேரம் ஏன் இவ்ளோ முக்கியம்னா, எல்லா பர்சென்ட்டும் ஒரே வேகத்துல ஏறாது. குழாயடில குடம் பிடிக்கறப்ப கழுத்து வரைக்கும் தண்ணி வந்ததும் குழாயைக் குறைப்போம்ல, இல்லன்னா சிந்தும், அதே மாதிரிதான். லித்தியம் செல்லுக்கு ஒரு வோல்டேஜ் உச்சம் உண்டு, கார்ல வர்ற ரெண்டு வகைல என்எம்சி (நிக்கல் வகை) செல்லுன்னா 4.2 வோல்ட், எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட் வகை)ன்னா 3.65 வோல்ட், அதுக்கு மேல போனா செல் கெட்டுப் போயிடும். கீழ இருந்து ஏறும்போது வண்டி நல்லா கரண்ட் இழுக்கும், அந்த உச்சத்துக்குப் பக்கத்துல வந்ததும் வண்டிக்குள்ள பேட்டரியப் பாத்துக்கற பிஎம்எஸ்ங்கற கன்ட்ரோல் கரண்ட்டை படிப்படியா இறக்கிட்டே வரும், கடைசி சில பர்சென்ட்டுல சொட்டு சொட்டாத்தான் ஏறும், அந்த நேரத்துல செல்களுக்குள்ள இருக்கற ஏத்த இறக்கத்த சமப்படுத்தற வேலையும் நடக்கும். இதுல சார்ஜர் பண்ண முடிஞ்சது ஒண்ணும் இல்ல, வண்டி எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் சார்ஜர் குடுக்கும். நிறைய பேர் 60 கிலோவாட்னு போர்டு போட்டுட்டு 9 கிலோவாட்தான் வருதுன்னு எங்களுக்குப் போன் பண்ணி கத்துவாங்க, போய்ப் பாத்தா வண்டி 94ல நிக்கும். மே மாச வெயில்ல 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து போட்டாலும் பேட்டரி சூட்டுக்கு வண்டியே வேகத்தக் குறைச்சுக்கும்.

உங்க கதையிலயே கணக்குப் போடறேன். அவரோட 50 யூனிட் பேட்டரில 85ல இருந்து 100ன்னா ஏழரை யூனிட், ஹைவேல அது 45 கிலோமீட்டர் ஓடும், ஏறறதுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதே அரை மணி நேரம் 12ல இருக்கற உங்க வண்டிக்குக் கிடைச்சா அந்த சார்ஜர்ல 20 யூனிட்டுக்கு மேலயே ஏறிருக்கும், அதுல 130, 140 கிலோமீட்டர் போகலாம். ஒரே மெஷின், ஒரே அரை மணி, ஒருத்தருக்கு 45 கிலோமீட்டர் இன்னொருத்தருக்கு 140. யூனிட்டுக்கு 20 ரூபாய்னு வச்சாலும் அவரால சார்ஜர் நடத்தற ஆபரேட்டருக்கு 150 ரூபாய், உங்களால 400 ரூபாய், அதனால ஆபரேட்டருக்கும் அவர் சீக்கிரம் எடுத்திருந்தாதான் லாபம். 80ன்னு சொல்றது இந்த சார்ஜ் வேகம் எங்க சரிய ஆரம்பிக்குதோ அந்த இடத்துக்கு தோராயமா வச்ச ஒரு நம்பர், அவ்ளோதான், சில வண்டில அது 70லயே சரியும், சில வண்டில 90 வரைக்கும் நல்லா இழுக்கும்.

அதனாலதான் 80ஐ ஒரு வேத வாக்கா வச்சு சண்டை போடறது எனக்குச் சரியாப் படல. சில பேருக்கு 100 நெஜமாவே வேணும். அதே பெரம்பலூர்ல இருந்து ராமேஸ்வரம் போறவரை எடுத்துக்கங்க, அது 290 கிலோமீட்டருக்கு மேல வரும், அவரோட 50 யூனிட் வண்டி 85ல 255 கிலோமீட்டர்தான் ஓடும், வழியில ராத்திரி சார்ஜர் தேடறதுக்கு பயந்து அவர் ஃபுல்லா போட்டுட்டுப் போறார்னா நான் தப்பு சொல்ல மாட்டேன். கொடைக்கானல் போறவர் இருக்கார், வத்தலகுண்டுல இருந்து மேல போக கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம் ஏறணும், ஆட்களோட 1,800 கிலோ எடை வர்ற வண்டிய அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 9 யூனிட் போயிடும், ரோட்டுல உருளறதுக்கு ஆகறது தனி. (இதுக்கு நேர் எதிரா, மலை மேல தங்கிட்டு இறங்கும்போது 100 போட்டுட்டு கிளம்பறது வேஸ்ட், ஃபுல் பேட்டரில இறக்கத்துல திரும்பி வர்ற கரண்ட்டை வாங்கிக்க இடமே இருக்காது, 80ல இறங்கினா அடிவாரம் வரும்போது கூடத்தான் இருக்கும்.) பழைய சின்ன பேட்டரி வண்டிக்காரங்களும் இருக்காங்க, 30 யூனிட் பேட்டரில 80ன்னா 160 கிலோமீட்டர்கூட வராது, அவங்ககிட்ட போய் 80ல எடுன்னா பாவம். அதே சமயம் எல்எஃப்பி பேட்டரிய அப்பப்ப 100 வரைக்கும் ஏத்தணும்னு கம்பெனிக்காரனே சொல்லிருக்கான்னு ஹைவே சார்ஜர்ல உக்காந்து வாதாடறவங்க இருக்காங்க, அது உண்மைதான், எல்எஃப்பில சார்ஜ் ஏறினாலும் வோல்டேஜ் பெருசா மாறாததால ஃபுல் ஆகும்போதுதான் பர்சென்ட் காட்டற மீட்டர் சரியாகும், ஆனா அந்த வேலைய வீட்டுல ராத்திரி ஸ்லோ சார்ஜ்ல பண்ணணும், பொங்கல் கூட்டத்துல பின்னாடி நாலு வண்டி நிக்கறப்ப இல்ல.

உங்க விஷயத்துல அந்த சார் எங்க போறார்னு நீங்க எழுதல, கேக்கவும் இல்லன்னு நினைக்கறேன். மதுரைக்குப் போறவர்னா 190 கிலோமீட்டர், 85லயே தாராளமா போயிருவார். திருநெல்வேலின்னா 340, 350 வரும், 100 போட்டாலும் மதுரைல ஒரு தடவ நின்னே ஆகணும், அப்ப இந்த ஏழரை யூனிட்ட அங்க வேகமா ஏத்திக்கலாம். ஆக பெரும்பாலும் அவருக்கு அந்த கடைசி அரை மணி நேரம் தேவைப்பட்டிருக்காது, ஆனா அது அவருக்கே தெரிஞ்சிருக்காது, ஏன்னா பெட்ரோல் வண்டி ஓட்டின பழக்கத்துல டேங்க் ஃபுல் பண்ணிட்டுக் கிளம்பறதுதான் நிம்மதி நமக்கு.

அதனால என் வழி இது. நம்ம ஊர்ல கிளம்பறவங்கள எங்க போறீங்கன்னு கேக்கக் கூடாது, தூரமான்னுதான் கேக்கணும்னு பாட்டி சொல்லுவாங்கல்ல, சார்ஜர்கிட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. "அண்ணா, தூரமா போறீங்களா?" அவ்ளோதான். அவரே ஊர் பேர் சொல்லுவார், எத்தன கிலோமீட்டர்னு சொல்லுவார், சொல்லும்போதே அவர் மனசுல ஒரு கணக்கு ஓடும். அப்புறம் "நான் 12ல வந்து நிக்கறேன், குழந்தைங்க வண்டில இருக்காங்க, எனக்கு திருச்சி போற அளவுக்கு ஒரு 15 நிமிஷம் கிடைச்சா போதும்"னு உங்க தேவைய சொல்லுங்க. 15 நிமிஷத்துல 10 யூனிட் ஏறிடும், 60 கிலோமீட்டர் திருச்சிக்கு அது போதும், அங்க வேற சார்ஜர் இருக்கு. "80 தாண்டிடுச்சே"ன்னு ஆரம்பிச்சா நீங்க அவர் தப்பு பண்றார்னு சொல்ற மாதிரி ஆகுது, சாப்பாட்டு இலை முன்னாடி நாலு பேர் பாக்க அப்டி கேட்டா நல்ல மனுஷன்கூட பிடிவாதம் பிடிப்பான். தூரத்தக் கேட்டு, தேவையச் சொல்லி நான் கேட்டப்போ பத்துல எட்டு பேர் எழுந்து வந்திருக்காங்க, ஒருத்தர் பாதி காபிய வச்சுட்டு வந்தார். மீதி ரெண்டு பேர் வரமாட்டாங்க, அவங்களுக்கு வண்டி அங்க நிக்க உரிமை இருக்கு, நம்ம காத்திருக்கறதத் தவிர வழி இல்ல, அதையும் ஒத்துக்கணும்.

இதுல நானும் தப்பு பண்ணிருக்கேன், அதை சொல்லாம மேல எழுதினா சரியா இருக்காது. 2021ல கார் வாங்கின புதுசு, கிருஷ்ணகிரி பக்கம் சார்ஜ் போட்டுட்டு குடும்பத்தோட சாப்பிட உக்காந்துட்டேன், போன் சைலன்ட்ல. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா வண்டி 100 ஆகி அரை மணி நேரம் ஆயிருக்கு, பக்கத்துல ஒரு வண்டி, பின் சீட்டுல வயசான அம்மா, ஆஸ்பத்திரில காட்டிட்டுத் திரும்பறாங்களாம், ஏசி போட்டா இருக்கற சார்ஜும் போயிடும்னு கண்ணாடிய இறக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தாங்க. அந்தப் பையன் ஒரு வார்த்தை திட்டல, "ஹோட்டல்ல தேடினேன் சார், யார் வண்டின்னு தெரியல"ன்னு மட்டும் சொன்னான். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டைல என் போன் நம்பரும் "அவசரம்னா கூப்பிடுங்க, உடனே வந்து எடுக்கறேன்"னும் எழுதி டேஷ்போர்டுல வச்சேன், இன்னைக்கு வரைக்கும் சார்ஜ் போடற இடத்துல எல்லாம் அதை எடுத்து கண்ணாடிகிட்ட வைக்கறேன். சார்ஜர் பகிர்ந்துக்கறதுல ஒரே ஒரு பழக்கம்தான் எல்லாரும் பழகணும்னு சொல்லச் சொன்னா நான் இதைத்தான் சொல்லுவேன். 100 வரைக்கும் போடறவரைவிட கூப்பிட முடியாத இடத்துல போய் உக்கார்றவராலதான் அதிக கஷ்டம். நம்பர் வைக்க யோசிக்கறவங்க, முக்கியமா தனியா ஓட்டற பெண்கள், நம்பருக்குப் பதிலா எந்த டேபிள்ல இருக்கோம், எத்தன மணிக்கு எடுப்போம்னு எழுதி வைக்கலாம், இல்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்.

நீங்களே கழட்டிருக்கலாமான்னு கேட்டீங்கல்ல, முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. சிசிஎஸ்2ன்னு சொல்ற இந்த ஃபாஸ்ட் சார்ஜர் கன்ல டீசி சார்ஜ் ஓடும்போது வண்டி சாக்கெட்டுக்குள்ள ஒரு பின் இறங்கி கன்னைப் பூட்டிடும், ஓனர் நிறுத்தி வண்டிய அன்லாக் பண்ணாத வரைக்கும் பெரும்பாலான வண்டில அது வராது, இழுத்தா உடையறது அந்த பூட்டுதான், அதுக்கப்புறம் அந்த வண்டி எந்த சார்ஜர்லயும் சார்ஜ் ஆகாம நிக்கும். அதைவிட மோசம் சார்ஜர்ல இருக்கற சிவப்பு எமர்ஜென்சி பட்டன். கோவத்துல அதை அமுக்கி அடுத்தவங்க சார்ஜை நிறுத்தறவங்கள நான் பாத்திருக்கேன். அது தீ, புகை, ஷாக் மாதிரி ஆபத்துக்கு மட்டும். அமுக்கினா அந்த கன் மட்டும் நிக்காது, மெஷினே நின்னுடும், பட்டனைத் திருப்பி வெளிய எடுத்தாத்தான் மறுபடி உயிர் வரும், சில மாடல்ல அதுக்கு மேல ஆபீஸ்ல இருந்து ரீசெட்டும் குடுக்கணும். ராத்திரி 11 மணிக்கு சார்ஜர் செத்துருச்சுன்னு கம்ப்ளெயின்ட் வந்து 70 கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டுப் போய் நான் செஞ்ச ரிப்பேர் அந்த பட்டனை ஒரு திருப்பு திருப்பினது மட்டும்தான், அதுவரைக்கும் மூணு குடும்பம் அங்க காத்திருந்துச்சு. ஃபுல் ஆகி ஓனர் ஆளே காணோம்னா ஹார்ன் அடிக்காம ஹோட்டல் கவுன்டர்ல சொல்லி வண்டி நம்பரை மைக்ல கூப்பிடச் சொல்லுங்க, சார்ஜிங் ஆப்ல இருக்கற கஸ்டமர் கேர் நம்பருக்கும் அடிங்க, சார்ஜ் போட்டவரோட நம்பர் அவங்ககிட்ட இருக்கும்.

கன்னைக் கீழ போடறதும் பகிர்ந்துக்கற நாகரிகத்துலதான் வரும், இது என் தொழில் வலி. கேபிள் கனமா இருக்கும், அவசரத்துல கழட்டிட்டு தரையில விட்டுட்டுப் போயிடறாங்க, அடுத்த வண்டி டயர் ஏறுது, மழைல சேறு போகுது. பெரிய ரெண்டு பின்னுக்கு மேல சின்ன பின்கள் இருக்கு, அதுலதான் வண்டியும் சார்ஜரும் பேசிக்கும், அதுல மண்ணு போச்சுன்னா கன் போட்டதும் கம்யூனிகேஷன் எரர்னு வந்து நிக்கும். உங்களுக்கு வேலை செய்யாமப் போன அந்த ரெண்டாவது கன்னு இதனால போயிருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு, நேர்ல பாக்காம அடிச்சு சொல்ல மாட்டேன்.

ரெண்டு கன்னும் வேலை செய்யற இடத்துல வேற ஒரு மனக்கசப்பு வரும், அதையும் சொல்லிடறேன். 60 கிலோவாட் மெஷின்ல ஒரு வண்டி நின்னா அதுக்கே 60ம் போகும், ரெண்டாவது வண்டி வந்து போட்டதும் பல மாடல்ல 30, 30ன்னு பிரிஞ்சுடும். முதல்ல போட்டவர் திடீர்னு பாதியாச்சேன்னு வந்தவர முறைப்பார். வந்தவர் தப்பு எதுவும் பண்ணல, மெஷினே அப்டி பகிரத்தான் செஞ்சது. ஆனா பக்கத்துல இன்னொரு தனி சார்ஜர் காலியா இருக்கறப்ப போய் அதே மெஷினோட ரெண்டாவது கன்னைப் போடாதீங்க, ரெண்டு பேருக்கும் நஷ்டம். அதே மாதிரி உங்க வண்டி 25, 30 கிலோவாட்டுக்கு மேல இழுக்காதுன்னா 120 கிலோவாட் காலியா இருந்தாலும் சின்ன சார்ஜர்ல போடுங்க, உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட கூட ஆகாது, பின்னாடி வர்ற பெரிய வண்டி 20 நிமிஷத்துல போட்டுட்டுப் போயிடும்.

பெட்ரோல் கார் வந்து சார்ஜிங் ஸ்லாட்டுல நிக்கறது பத்தி பலர் பொங்குவாங்க, எனக்கும் கோவம் வரும். அந்த இடம் பெரும்பாலும் ஹோட்டலோடதோ பங்க்கோடதோ, ஆபரேட்டர் வாடகைக்கோ பங்குக்கோதான் மெஷின் வச்சிருப்பார், அதனால வண்டிய எடுக்கச் சொல்ல வேண்டியவர் ஹோட்டல் ஆள்தான். நான் கமிஷனிங் முடிச்சதும் வாட்ச்மேன் அண்ணனை நிக்க வச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வருவேன், பச்சை நம்பர் பிளேட்டு வண்டிய மட்டும் இங்க விடுங்க, வெள்ளை பிளேட்டு வந்தா அந்தப் பக்கம் காட்டுங்கன்னு. 5 நிமிஷப் பேச்சுதான், சொன்ன இடத்துல எல்லாம் வித்தியாசம் தெரிஞ்சுச்சு. அந்த அண்ணனுக்கு கார் மாடலெல்லாம் தெரிய வேண்டியதில்ல, கலர் போதும்.

பச்சை பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருந்தா அது டாக்சி. டாக்சிக்காரங்க சார்ஜர அடைச்சுக்கறாங்கன்னு நகரத்துல நிறைய புகார் கேக்கறேன். அவங்க பக்கம் நின்னு பாருங்க, நமக்கு வீட்டுல ஒரு பிளக் இருக்கு, வாடகை வீட்டுல ஒத்தை ரூம்ல இருக்கற டிரைவருக்கு அது கிடையாது, பொது சார்ஜர்தான் அவருக்கு பங்க், சார்ஜ் ஏறற அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குத் தூக்கமும். கண்ணாடிய மெதுவாத் தட்டி கேட்டா எழுந்து பதில் சொல்லாத டிரைவர நான் பாத்ததில்ல. நகரத்துக்குள்ள வீட்டு பிளக் இருக்கற நம்ம சும்மா 60ல இருந்து 90 போட வரிசைல நிக்கறதுதான் விட்டுக் கொடுக்க வேண்டிய இடம்.

வரிசைன்னதும் ஞாபகம் வருது, சார்ஜர் இடத்துல வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆளுக்கொரு மரத்தடில வண்டிய நிறுத்திட்டு காத்திருப்பாங்க, புதுசா வர்றவர் காலின்னு நினைச்சு நேரா போய் போட்டுடுவார், அப்பதான் குழாயடி மாதிரி சத்தம் கிளம்பும். போனதும் இறங்கி "யாராவது வெயிட்டிங்கா?"ன்னு சத்தமா கேட்டுடுங்க. போன தீபாவளிக்கு ஒரு மோட்டல்ல செக்யூரிட்டி அண்ணன் நோட்டுல வண்டி நம்பர், வந்த நேரம், எத்தன பர்சென்ட்னு எழுதி வரிசையா கூப்பிட்டார், 9 வண்டி, ஒரு சண்டை இல்ல. அதுல 6 பர்சென்ட்ல வந்த ஒருத்தர முன்னாடி விடலாமான்னு எல்லார்கிட்டயும் கேட்டார், எல்லாரும் சரின்னாங்க. எந்த ஆப்பும் அந்த நோட்டு அளவுக்கு வேலை செஞ்சு நான் பாத்ததில்ல.

இவ்ளோ எழுதிட்டு ஆபரேட்டர விட்டா நியாயம் இல்ல, ஏன்னா நீங்களும் அந்த சாரும் சண்டை போட்டதுக்கு மூல காரணம் வேலை செய்யாத அந்த ரெண்டாவது கன். ஆப்ல பச்சையா அவைலபிள்னு காட்டறதுக்கு அர்த்தம் மெஷின் நெட்வொர்க்ல இருக்கு, தனக்கு கோளாறுன்னு தானா உணரலன்னுதான், கன் முனை கருகிருக்கறதோ பின்ல மண்ணு போயிருக்கறதோ யாராவது போட்டுப் பாக்கற வரைக்கும் அதுக்குத் தெரியாது. அதனால ஆப்பை நம்பறதவிட வண்டி ஓட்டறவங்களே சார்ஜர் நிலைமைய எழுதற பிளக்ஷேர் ஆப்ல கடைசியா யாரு, எத்தன மணிக்கு வெற்றிகரமா சார்ஜ் போட்டாங்கன்னு பாருங்க, நீங்களும் போட்டதும், முக்கியமா போட முடியாதப்பவும், மறக்காம எழுதுங்க. பிரிட்டன்ல 50 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் உள்ள சார்ஜர்கள் நெட்வொர்க் சராசரியா 99 பர்சென்ட் நேரம் வேலை செய்யணும்னு 2023ல விதி கொண்டு வந்து 2024 நவம்பர்ல இருந்து கட்டாயமாக்கிட்டாங்க. நம்ம நெறிமுறைல எத்தன கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு இருக்கற மாதிரி எத்தன நேரம் ஓடணும்னும் இப்டி ஒரு அளவு வரணும்ங்கறது இந்தத் தொழில்ல இருக்கற என்னோட ஆசை. ஃபுல் ஆனப்புறமும் நிக்கற வண்டிக்கு நிமிஷக் கணக்குல காசு போடறதும் நல்ல வழிதான், டெஸ்லா 2016 டிசம்பர்லயே அதை ஆரம்பிச்சுது, நிமிஷத்துக்கு 40 சென்ட். இந்தக் காசு (ஐடில் ஃபீ) போடற ஆபரேட்டரா இருந்தா ஆப்ல கட்டண விவரத்துலயே எழுதிருக்கும், சார்ஜ் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுடுங்க.

இப்ப உங்க திரும்பற பயணம். காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் கிளம்பற எண்ணம் இருந்தா மாத்திக்கங்க, ஒட்டுமொத்த தென் மாவட்டமும் அதே நேரத்துல சென்னைக்கு வரும், விடிகாலை 4 மணிக்கு கிளம்பினா திருச்சி வரும்போதே சார்ஜர் காலியா இருக்கும். 12 வரைக்கும் இறக்காதீங்க, விசேஷ நாள்ல 30ல ஒரு சார்ஜருக்குப் போங்க, அது அடைச்சிருந்தா அடுத்ததுக்குப் போக 60, 70 கிலோமீட்டர் கைல இருக்கும். போகும்போது நீங்க விக்கிரவாண்டில கூட்டம்னு தாண்டினது தப்பில்ல, உளுந்தூர்பேட்டைலயும் தாண்டினதுதான் உங்கள அந்த சார் கைல கொண்டு போய் விட்டுச்சு, அங்க 20 நிமிஷம் காத்திருந்து ஒரு 15 நிமிஷம் போட்டிருந்தா பெரம்பலூர்ல நிக்கவே வேண்டியிருக்காது. மதுரைல இருந்து 100ல கிளம்பணும், அதுக்கு ஃபாஸ்ட் சார்ஜர் தேவையே இல்ல, வீட்டுல 15 ஆம்பியர் சாக்கெட்டுல வண்டியோட வந்த போர்ட்டபிள் சார்ஜரப் போட்டா மணிக்கு 3 யூனிட் பக்கம் ஏறும், ராத்திரி 9 மணிக்குப் போட்டா 4 மணிக்கு 20 யூனிட் வந்திருக்கும், முந்தின நாள் மதியமே போட்டுட்டா இன்னும் நிம்மதி. ஒண்ணே ஒண்ணு, பழைய வீடுகள்ல எர்த் சரியா இருக்காது, எர்த் இல்லன்னா அந்த போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு லைட்டக் காட்டிட்டு வேலையே செய்யாது, வொயரும் பழசா இருந்தா அவ்ளோ நேரம் 15 ஆம்பியர் தாங்காம பிளக் உருகும். அதனால கடைசி நாள் ராத்திரி கண்டுபிடிக்காம இன்னைக்கே ஒரு எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டையும் எர்த்தையும் பாக்கச் சொல்லிடுங்க.